எதுவானாலும் எழுத்து மூலமாக

ஆவடி, சென்னை-600 054
18-11-1996

தலைமையாசிரியர் உயர்திரு நாகேந்திரன் அவர்களுக்கு,

உங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கும் வரதனின் அம்மாவைப் பெற்றவன், வேம்புலி எழுதுவது. எழுதுவது என்றால் சொல்லுவது. எனக்கு எழுதப் படிக்க வராது. அது உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சனிக்கிழமை பியூனிடம் சீட்டு கொடுத்து அனுப்பியிருக்கிறீர்கள்: இனி நான் பள்ளி வாசலைத் தாண்டக் கூடாது, எதுவானாலும் எழுத்து மூலமாகச் சொல்ல வேண்டும், வரதனை மறு உத்தரவு வரும் வரை பள்ளிக்கு அனுப்பக் கூடாது. நல்ல மூளை. கைநாட்டுக் கிழவன் வாயை மூட இதைவிடச் சுலபமான பூட்டு கிடைக்காது. வீட்டில் எழுதத் தெரிந்தவன் ஒருத்தன் இருப்பதை மட்டும் மறந்துவிட்டீர்கள்.

நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவன் வரதன்தான். அவன் சில சட்டம் வைத்திருக்கிறான். கடிதம் என்றால் புத்தகத் தமிழில்தான் இருக்க வேண்டுமாம். நான் என் வாயில் வருவதைச் சொன்னால் அவன் அதைக் குளிப்பாட்டி, தலைசீவித்தான் காகிதத்தில் உட்காரவைக்கிறான். ஆனால் யாராவது பேசியதை நான் சொன்னால், பேசிய மாதிரியே குறிபோட்டு எழுதுவான். அதில் கை வைப்பது பொய்யாம். ஆகவே வெள்ளிக்கிழமை நடந்தது, நடந்தபடியே கீழே இருக்கிறது.

அவன் காதில் அவன் அம்மாவின் பழைய புடவையைக் கிழித்துக் கட்டுப் போட்டு அழைத்து வந்தேன். நீங்களும் உங்கள் பி.டி. வாத்தியாரும் வராந்தாவில் நின்றிருந்தீர்கள். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"இன்னா பெர்சு, திரும்பியும் வந்துகினியா?"

"புள்ள காத பாரு சார். லோகநாதன் மவன் திருகிகீறான். கீழ்ச்சதை கிழிஞ்சி தொங்குது."

"பசங்கன்னா வெளையாடத்தான் செய்வானுங்க. உம் பேரன் இன்னா பீங்கான் தட்டா?"

நீங்கள் சிரித்தீர்கள். சத்தம் வராமல், பல் தெரியாமல். பெரிய நாற்காலியில் இருப்பவர்கள் அப்படித்தான் சிரிக்க வேண்டும் போலிருக்கிறது. அதற்கு நான் சொன்னது:

"நேத்து கொழந்தைங்க தினத்துக்கு மைக்கு புட்ச்சிகினு, இங்க படிக்கிற ஒவ்வொரு புள்ளையும் எம் புள்ளன்னு சொன்னியே சார். உம் புள்ள காத எவனாவது கிழிச்சா இப்டித்தான் சிரிச்சிகினு நிப்பியா?"

பிறகு பி.டி. வாத்தியாரை எருமை என்றேன். எழுதட்டுமா என்று வரதன் கேட்கிறான். எழுது என்று சொல்லிவிட்டேன்.

பையன் பேசுவது ரேடியோவில் செய்தி படிக்கிற மாதிரி இருக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். "தாத்தா, மழை பெய்யக்கூடும், குடையை எடுத்துச் செல்லுங்கள்" என்பான். அதனால் அவனுக்கு உங்கள் பள்ளியில் ரேடியோ என்று பெயர். காதுதான் திருகுகிற குமிழ். ஒருத்தன் பிடித்துக்கொள்ள, ஒருத்தன் திருக, "ஸ்டேஷன் மாத்துடா, பாட்டு போடுடா" என்று நாலு பேர் கும்மாளம். இது உங்கள் பாஷையில் விளையாட்டு.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. பையன் தன் வகுப்பில், தன் பெஞ்சில் உட்கார்ந்து பத்தாவது எழுத வேண்டும். அவன் மேல் எவன் கையும் படக் கூடாது. நீங்கள் எழுத்து மூலமாகப் பதில் சொல்லுங்கள். உங்களுக்குத்தான் எழுதத் தெரியுமே.

இப்படிக்கு,
வேம்புலி
(இடது கைப் பெருவிரல் ரேகை)


தலைமையாசிரியர் அலுவலகம்
21-11-1996

திரு. வேம்புலி அவர்களுக்கு,

தங்களது 18-11-1996 நாளிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றது. ஒரு மாணவனின் கையாலேயே அவனது தலைமையாசிரியருக்கு எதிராகக் கடிதம் எழுதுவித்திருப்பது, அம்மாணவன் எத்தகைய சூழலில் வளர்கிறான் என்பதைக் காட்டுகிறது.

மாணவர்களிடையே நிகழும் சாதாரணக் கேலிகளைப் பெரிதுபடுத்துவது முறையல்ல. மேற்படி மாணவன் உடன் பயில்வோரோடு இணங்கிப் போவதில்லை. கேட்ட கேள்விக்கு முகம் பார்த்துப் பதில் சொல்வதில்லை. பாட நூலை மனப்பாடமாக ஒப்பிப்பது அறிவாகாது. பொதுவாக அவன் மந்தபுத்தி உடையவன், பயிற்சி பெற்ற தனிப் பள்ளிக்கு உரியவன் என்பதே ஆசிரியர்களின் கருத்து.

அனைத்துக்கும் மேலாக, கடந்த மாதம் ஆசிரியை இல்லாத வேளையில், பேசிய மாணவர்களின் பெயர்களை எழுதுமாறு பணிக்கப்பட்ட அவன், தலைமையாசிரியரின் பெயரையே கரும்பலகையில் எழுதி, வகுப்பே நகைக்கும்படி செய்தான். இது மன்னிக்கத்தக்க செயல் அல்ல.

மாணவனின் தாயார் திருமதி தாட்சாயிணி நேற்று என்னைச் சந்தித்து, மாற்றுச் சான்றிதழ் பெற்றுக்கொள்ளச் சம்மதித்துள்ளார். ஆகவே இவ்விஷயம் முடிந்ததாகக் கருதப்படுகிறது.

ம. நாகேந்திரன், எம்.ஏ., பி.எட்.
தலைமையாசிரியர்


ஆவடி
25-11-1996

தலைமையாசிரியர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டியது யார் என்று நினைக்கிறீர்கள்? வீட்டில் படிக்கத் தெரிந்த இரண்டு பேரில் ஒருத்தி வேலைக்குப் போயிருந்தாள். மந்தபுத்தி என்ற இடம் வந்தது. அவன் தயங்கவில்லை, குரல் இறங்கவில்லை. தன் பெயருக்கு வந்ததை ஊருக்கு வந்த வெள்ளச் செய்தி மாதிரி நிறுத்தி நிதானமாகப் படித்துவிட்டு, "இதன் பொருள் உங்களுக்குத் தெரியுமா தாத்தா?" என்று கேட்டான். தெரியும் என்றேன். எம்.ஏ., பி.எட். படித்தால் இப்படி எழுதலாம் என்றும் தெரிந்துகொண்டேன்.

என் மகள் சம்மதித்தாளாம். அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் துணி மடித்து மடித்துக் கை ஓய்ந்து, அப்படியே ரயிலேறி உங்கள் முன்னால் வந்து நின்றிருக்கிறாள். நீங்கள் உட்காரச் சொல்லவில்லை. அதையும் அவள்தான் சொன்னாள். இதே உங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது படித்தபோது அவளுக்கு நீங்கள் கணக்கு வாத்தியார். அப்போது உங்களுக்கு மீசை மெல்லிசு, தலை நிறைய மயிர். கணக்கில் தவறிவிட்டாள் என்று கேட்க வந்த என்னிடம் நீங்கள் சொன்னது எனக்குக் காதிலேயே இருக்கிறது: "இதுங்களுக்கு எதுக்குய்யா படிப்பு, ரெண்டு எருமைய வாங்கிக் குடு, பொழச்சிக்கும்." பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அன்றைக்கு அழுதவள், இன்றைக்கும் உங்களைக் கண்டால் ஒன்பதாவது படிக்கிற பெண்ணாகிவிடுகிறாள். அவள் தலையாட்டினாள் என்றால் அது சம்மதம் இல்லை, பயம். அவள் புருஷன் கதை உங்களுக்குத் தெரியும். பிள்ளை மற்ற பிள்ளை மாதிரி இல்லை என்று பூந்தமல்லி பக்கம் வேறு பெண்ணைப் பார்த்துக்கொண்டு போன மகாராஜன் அவன். அவளுக்கு இருப்பது நான்தான். நான் தலையாட்டவில்லை.

கரும்பலகை விஷயம் எழுதியிருக்கிறீர்கள். பாதியை எழுதியிருக்கிறீர்கள். மீதியை நான் சொல்கிறேன்.

கஸ்தூரி டீச்சர் விடைத்தாள் எடுத்துவரப் போகும்போது, வகுப்புத் தலைவன் வரவில்லை என்று இவனை நிறுத்திவிட்டுப் போனார். "வரதா, எவன் வாயத் தொறந்தாலும் பேர எழுது. யாரா இருந்தாலும் சரி." உங்கள் பள்ளியில் இது வழக்கமாம். பேசினால் பெயர், திரும்பப் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி, டீச்சர் வந்ததும் பெயர் இருக்கிறவனுக்கெல்லாம் பிரம்படி. மற்ற தலைவர்கள் சிநேகிதன் பெயரை விட்டுவிடுவார்கள். மிட்டாய்க்கு அழித்துவிடுவார்கள். அது இவனுக்குத் தெரியாது. இவன் எல்லார் பெயரையும் எழுதினான். அந்த நேரத்தில் நீங்களும் பி.டி. வாத்தியாரும் வகுப்பு வாசலில் நின்று, மரக்கடை லோகநாதன் பள்ளிக்குத் தரப்போகிற மின்விசிறியைப் பற்றி உரக்கப் பேசிக்கொண்டிருந்தீர்கள். அவன் உங்கள் பெயரை எழுதினான். மரியாதைக் குறைவாக எழுதவில்லை. திரு போட்டு, பின்னால் எம்.ஏ., பி.எட். போட்டு எழுதினான். திரும்பப் பேசினீர்கள், பெருக்கல் குறி போட்டான்.

நீங்கள் உள்ளே வந்து, துடைப்பானை எடுத்து, உங்கள் பெயரை மட்டும் அழித்தீர்கள். பி.டி. வாத்தியார் பெயரைக்கூட அழிக்கவில்லை. அவர் தன் கையால் அழித்துக்கொண்டார். மற்றவர்கள் பெயர் அப்படியே நின்றது. அவர்களுக்கு அடி விழுந்தது. அடி வாங்கியவர்கள் உங்கள் காதைத் திருக முடியுமா? இவன் காதைத் திருகினார்கள். லோகநாதன் மகன் அதற்குத் தலைமை. கூட்டிக் கழித்தால் இந்தக் காது கிழிந்தது உங்கள் துடைப்பானால். நீங்கள் கணக்கு வாத்தியார், சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் எழும்பூரில் ஒரு டாக்டரம்மா இவனை உட்காரவைத்து வெகுநேரம் பேசிப் பார்த்தார். இவனுக்கு இருப்பதற்கு ஆஸ்பெர்கர் என்று பெயராம். ஏதோ வெள்ளைக்கார டாக்டர் பெயர், அதை இவன் தலையில் கட்டியிருக்கிறார்கள். (ஆஸ்திரியா நாட்டவர் என்றுதான் எழுத வேண்டும் என்கிறான்.) டாக்டரம்மா சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவு: "அறிவெல்லாம் நல்லா இருக்கு பெரியவரே. வார்த்தைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கிறது மட்டும் இவனுக்குத் தெரியாது. சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்குவான். கிண்டல் புரியாது, பொய் வராது." பொய் வராததற்கு ஒரு பெயர் வைத்து வியாதி என்கிறார்கள். அது வராதவர்களெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றால், உங்களுக்கு அந்தச் செலவு வராது சார்.

மாற்றுச் சான்றிதழ் வேண்டாம். பையனை எப்போது அனுப்பட்டும்?

வேம்புலி
(பெருவிரல் ரேகை)


தலைமையாசிரியர் அலுவலகம்
2-12-1996

திரு. வேம்புலி அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தின் தரக்குறைவான சொற்களுக்குப் பதில் எழுதுவது என் பதவிக்கு அழகல்ல. ஊசியும் மாத்திரையும் இல்லாத, கேள்விப்பட்டிராத ஒரு நோயின் பெயரைச் சொல்லி ஒழுங்கீனத்தை மறைக்க முடியாது என்பதை மட்டும் தெரிவிக்கிறேன்.

எனினும், பொதுத் தேர்வு நெருங்குவதைக் கருத்தில்கொண்டு, ஓர் இறுதி வாய்ப்பு அளிக்கப்படுகிறது. மேற்படி மாணவன் 9-12-1996 திங்கட்கிழமை காலை இறைவணக்கக் கூட்டத்தில், ஆசிரியர்கள், மாணவர்கள் முன்னிலையில், ஒலிபெருக்கியில், நடந்த அனைத்தையும் ஒளிவுமறைவின்றிச் சொல்லி, தவறு யாருடையது என்பதை வெளிப்படையாக அறிவித்து மன்னிப்புக் கோர வேண்டும். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் திரு. லோகநாதன் அவர்களும் கூட்டத்துக்கு வருகை தருவார். இதற்கு உடன்பட்டால் மாணவன் வகுப்பில் சேர்த்துக்கொள்ளப்படுவான். தாங்கள் வளாகத்துக்குள் வரும் தடையில் மாற்றமில்லை.

ம. நாகேந்திரன்


ஆவடி
5-12-1996

தலைமையாசிரியர் அவர்களுக்கு,

காது கிழிந்தவன் மன்னிப்புக் கேட்க வேண்டும். கிழித்தவனின் அப்பன் மேடையில் உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டும். அவருக்கு மாலை போடுவீர்களா, எலுமிச்சம்பழத்தோடு விடுவீர்களா?

கிழிந்ததைத் தைத்த நூலை நேற்று எடுத்தார்கள். அதைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். முடியாது என்று சொல்லத்தான் பையனை உட்காரவைத்தேன். அவன் பேனாவைத் திறக்காமல், "நான் செய்கிறேன் தாத்தா. தலைமையாசிரியர் தெளிவாக எழுதியிருக்கிறார்" என்றான். நான் தடுத்துப் பார்த்தேன். "பள்ளிக்குப் போக வேண்டும். வேறு பள்ளியில் எனக்கு இடம் தெரியாது" என்றான். இதுவரை அவன் எதற்கும் என்னிடம் இரண்டு தரம் கேட்டதில்லை. இதற்குக் கேட்டான். சரி என்றேன். உங்களுக்காக இல்லை.

அவனுக்குச் சில சந்தேகங்கள். அனைத்தும் என்றால் கரும்பலகையிலிருந்து தொடங்குவதா, அதற்கு முன்னால் எட்டாவதில் அவர்கள் இவன் செருப்பைக் கிணற்றில் போட்டதிலிருந்து தொடங்குவதா? பெயர்களைச் சொல்லும்போது முதலெழுத்தோடு சொல்ல வேண்டுமா? தவறு பலருடையதாக இருந்தால் எந்த வரிசையில் சொல்வது? பதில் எழுதி அனுப்புங்கள். அவன் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டான். முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

வேம்புலி
(பெருவிரல் ரேகை)


6-12-1996

திரு. வேம்புலி,

என் 2-12-1996 கடிதத்தில் எழுதியுள்ளபடியே செய்தால் போதும். வீண் விளக்கங்கள் கேட்டு நேரத்தை விரயம் செய்ய வேண்டாம்.

ம. நா.


தலைமையாசிரியர் அலுவலகம்
9-12-1996

வேம்புலி என்பவருக்கு,

இன்று காலை நடந்தது திட்டமிட்ட சதி. அப்பாவி போல் நடிக்கும் ஒரு பையனைக் கொண்டு, எழுநூறு மாணவர்கள் முன்னிலையில் இப்பள்ளியின் மானத்தை வாங்கிவிட்டீர்கள். அவனுக்கு வரி வரியாகச் சொல்லிக்கொடுத்து அனுப்பியது யார் என்பது எனக்குத் தெரியும். ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லியும் கேளாமல் அருகிலேயே நின்ற ஆசிரியை கஸ்தூரியிடம் விளக்கம் கேட்கப்பட்டுள்ளது.

மேற்படி மாணவன் அரையாண்டுத் தேர்வு எழுத அனுமதி மறுக்கப்படுகிறது. மாற்றுச் சான்றிதழ் தயாராகிறது. பெற்றுச் செல்லவும்.

ம. நாகேந்திரன்


ஆவடி
11-12-1996

தலைமையாசிரியர் அவர்களுக்கு,

உள்ளே வரக் கூடாது என்றீர்கள். வரவில்லை. உங்கள் மதில் சுவருக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் என் மகள். அரை நாள் சம்பளம் போனாலும் போகட்டும் என்று வந்திருந்தாள். உங்கள் ஒலிபெருக்கி நல்ல ஒலிபெருக்கி. டீ ஆற்றிக்கொண்டிருந்தவன்கூட ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

முதலில் உங்கள் பிள்ளைகள், "ரேடியோ! ரேடியோ! நியூஸ் போடுடா!" என்று கத்தினார்கள். நீங்கள் அதட்டியதாகக் காதில் விழவில்லை. பையன் அவர்கள் முடிக்கிற வரைக்கும் காத்திருந்துவிட்டுத் தொடங்கினான். அதற்கப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம் காக்கா கத்துவதுகூடக் கேட்டது.

ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. யார் பிடித்தார்கள், யார் திருகினார்கள், யார் நின்று பார்த்தார்கள். "லோகநாதன் அவர்களின் மகன் என் வலது காதைத் திருகி, 'ஸ்டேஷன் மாத்துடா' என்று கூறினான். வலிக்கிறது என்று நான் தெரிவித்தேன். அவ்வழியே வந்த பி.டி. ஆசிரியர், 'டேய், சவுண்ட கொறைங்கடா' என்று கூறிவிட்டுச் சென்றார். அவர் என்னிடம் கூறினாரா, அவர்களிடம் கூறினாரா என்பது எனக்குத் தெரியவில்லை." இதை வெறுப்பில்லாமல் சொன்னான். எனக்கு அந்த வித்தை வராது.

அப்புறம் மைக் நின்றது. பி.டி. வாத்தியார் பிடுங்கியிருப்பார். அவர் வேறு எதற்கு இருக்கிறார்? மைக் இல்லாமலும் அவன் குரல் கேட்டது. கடைசியில் நீங்கள் கேட்ட மன்னிப்பையும் கேட்டான். காதில் விழுந்ததா? விழாவிட்டால் இதோ: "என்னுடைய தவறு ஒன்று உண்டு. பேசியவர்கள் யாராக இருந்தாலும் பெயரை எழுதுமாறு ஆசிரியை கூறினார். தலைமையாசிரியர் தம் பெயரை அழித்த பிறகு நான் அதை மீண்டும் எழுதவில்லை. பயந்துவிட்டேன். அதற்காக மன்னிக்க வேண்டுகிறேன்."

டீக்கடைக்காரன் சிரித்துவிட்டான். என் மகள் சிரிக்கவில்லை. "நைனா, எம் புள்ள பயந்தானாம் நைனா" என்று முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டாள். அவனுக்குப் பயம் உண்டு என்று அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரிந்தது. ஐந்து வருஷமாக முகத்தில் காட்டத் தெரியாமல் பயந்துகொண்டே உங்கள் பள்ளிக்கு வந்திருக்கிறான்.

சொல்லிக்கொடுத்தேன் என்கிறீர்கள். நான் சொல்லிக்கொடுத்திருந்தால் அது இவ்வளவு மரியாதையாக இருந்திருக்குமா? சொல்லிக்கொடுத்தது நீங்கள். நடந்த அனைத்தையும், ஒளிவுமறைவின்றி, தவறு யாருடையது என்று. உங்கள் கையெழுத்து, உங்கள் முத்திரை. சந்தேகம் கேட்டபோது எழுதியபடியே செய் என்று இன்னொரு தரம் வேறு எழுதினீர்கள். உங்கள் பள்ளியில் வேறு எந்தப் பிள்ளையும் வாத்தியார் சொன்னதை இவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்காது. அதற்குப் பரிசு, பரீட்சை கிடையாது. சரியான பள்ளிக்கூடம் நடத்துகிறீர்கள்.

சான்றிதழை வாங்க யாரும் வரமாட்டோம். தினமும் காலையில் அவன் சீருடை போட்டுக்கொண்டு உங்கள் வாசலில் வந்து நிற்பான். நானும் நிற்பேன். வாசலைத் தாண்டமாட்டோம். நிற்கக் கூடாது என்று நீங்கள் எழுதவில்லை.

வேம்புலி
(பெருவிரல் ரேகை)


தலைமையாசிரியர் அலுவலகம்
2-1-1997

திரு. வேம்புலி அவர்களுக்கு,

விடுமுறைக்கு முன்பு வரை தாங்களும் மாணவனும் நாள்தோறும் வாயிலில் நின்றதையும், போவோர் வருவோரெல்லாம் காரணம் கேட்டதையும், தாங்கள் ஒருவர் விடாமல் விளக்கியதையும் அறிவேன். ஆறாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு மாணவர்களின் தாய்மார்கள் சிலர் தங்கள் பிள்ளைகளுக்கும் இவ்வாறு நடந்ததாக என்னிடம் வந்து முறையிட்டனர். எனக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று அவர்களுள் ஒருவர் என் அறையிலேயே உரத்த குரலில் கூறினார்.

சம்பந்தப்பட்ட நான்கு மாணவர்களும் பெற்றோருடன் வரவழைக்கப்பட்டு எழுதி வாங்கப்பட்டுள்ளது. திரு. லோகநாதன் கழகத் தலைமையிலிருந்து விலகிவிட்டார். மாட்டிய மின்விசிறிகளையும் ஆள் அனுப்பிக் கழற்றிச் சென்றார். இது தங்களுக்கு மகிழ்ச்சியளிக்கலாம். கோடையில் வியர்க்கப்போவது மாணவர்களுக்கு.

மாற்றுச் சான்றிதழ் ரத்து செய்யப்படுகிறது. மாணவனுக்குப் பொதுத் தேர்வு அனுமதிச் சீட்டு வழங்கப்படும். எனினும் அவன் அவ்வகுப்பில் மற்றவர்களோடு அமர்வது இருதரப்புக்கும் உகந்ததல்ல. என் அறையை அடுத்துள்ள, பழைய நிலப்படங்கள் வைக்கும் சிறு அறையில் அவன் தனியே அமரலாம். ஆசிரியை கஸ்தூரி தம் ஓய்வுப் பாடவேளைகளில் பாடம் சொல்லித் தர முன்வந்துள்ளார். இது சலுகையே தவிர உரிமையல்ல.

ம. நாகேந்திரன்


ஆவடி
4-1-1997

தலைமையாசிரியர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படிக்கக் கேட்டதும் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கிழிந்த காது தனியறையில், கிழித்த கைகள் வகுப்பில். மூட்டை முடிச்சு போடுகிற இடத்தில் பையனைப் போடுகிறீர்கள். காறித் துப்புகிற மாதிரி ஒரு பதில் சொல்ல ஆரம்பித்தேன். நாலு வரி போனது. நிமிர்ந்து பார்த்தால் பையன் எழுதவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எழுதுடா."

"இதை நான் எழுத இயலாது தாத்தா. 'என் பேரனுக்கு அந்த அறை தேவையில்லை' என்று கூறுகிறீர்கள். அது உண்மையல்ல."

அடுப்படியிலிருந்து தாட்சாயிணி வந்தாள். அவள் என்னிடம் குரல் உயர்த்திப் பேசுகிறவள் இல்லை. "ரெண்டு மாசமா ஊர்ல கீற எல்லார்கிட்டயும் சண்ட போட்டுகினு கீற. உனுக்கு இன்னா வேணும் கண்ணுன்னு அவன ஒரு வார்த்த கேட்டியா நைனா?"

கேட்கவில்லை. இதை உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை, நீங்களும் கேட்கவில்லை. கேட்டேன்.

"அந்த அறைக்குக் கதவு இருக்கிறது" என்றான். "நிலப்படங்கள் இருக்கின்றன. பின்னால் யாரும் உட்கார மாட்டார்கள். எனக்குப் பாடம் வேண்டும், தாத்தா. அவர்கள் வேண்டாம்."

"அவனுங்கள்ல ஒருத்தன் கூடவா வாணாம்?" என்றேன்.

கொஞ்சம் யோசித்தான். "வேண்டாம்" என்றான். செய்தி முடிந்தது மாதிரி.

நான் என்னவோ அவனை அவன் பெஞ்சில் உட்காரவைத்தால்தான் ஜெயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெஞ்சு எனக்குத்தான் வேண்டியிருந்திருக்கிறது. அவனுக்கு அது அடி வாங்குகிற இடம். நீங்கள் அவனை ஒதுக்கி வைப்பதாக நினைத்துக்கொண்டு இந்த அறையைக் கொடுத்தீர்கள். நல்லது நினைத்துக் கொடுக்கவில்லை. ஆனாலும் உங்கள் உத்தியோகத்திலேயே நீங்கள் செய்த உருப்படியான காரியம் இதுதான். தெரியாமல் செய்ததால் நன்றி கிடையாது.

அறையை எடுத்துக்கொள்கிறோம். சலுகை என்று நீங்கள் எழுதியதை உரிமை என்று திருத்த வேண்டும் என்றான். ஏன் என்று கேட்டேன். "பத்தாம் வகுப்பு மாணவன் பாடம் கேட்க இடம் கொடுப்பதற்கு வேறு சொல் இல்லை" என்றான். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டும். கஸ்தூரி டீச்சரிடம் விளக்கம் கேட்டு நீங்கள் கொடுத்த காகிதத்தைக் கிழித்துப் போட வேண்டும். அந்த அம்மா ஒருத்திதான் உங்கள் பள்ளியில் முதுகெலும்போடு நின்றது.

ஒன்று மட்டும் அவனை உறுத்துகிறது. அப்போதிலிருந்து அதையே கேட்டுக்கொண்டிருக்கிறான். தனியறையில் வருகைப் பதிவு எடுப்பது யார்? பெயரைக் கூப்பிட்டு, இவன் பதில் சொன்னால்தான் வந்த கணக்காம். கூப்பிடாமல் போய் உட்கார்ந்தால், உட்கார்ந்திருந்தாலும் அவன் வராதவனாம். கஸ்தூரி டீச்சர் காலையில் வகுப்பில் இருப்பார். பி.டி. வாத்தியார் வேண்டாம்.

பக்கத்து அறை உங்களுடையது. ஆகவே நீங்களே வாருங்கள். தினமும் காலையில், மணி அடித்ததும், பதிவேட்டை எடுத்துக்கொண்டு அந்தச் சின்ன அறை வாசலில் நின்று, அவன் பெயரைத் தெளிவாகக் கூப்பிடுங்கள். "உள்ளேன் ஐயா" என்பான். எழுந்து நின்று சொல்வான், அதில் குறை வைக்கமாட்டான். அதைக் காதால் கேட்டுக் குறித்துவிட்டு, அப்புறம் போய் உங்கள் நாற்காலியில் உட்காருங்கள். மார்ச் மாதம் வரைக்கும் ஒரு நாள் விடக் கூடாது. விட்டால் அவன் அங்கேயே நின்றுகொண்டிருப்பான், நீங்கள் வந்து கூப்பிடுகிற வரைக்கும்.

திங்கட்கிழமை வருகிறான்.

வேம்புலி
(இடது கைப் பெருவிரல் ரேகை)